சேவல் படம் போட்ட சாக்கு

தப்பா நினைக்காதீங்க அம்மிணி, உங்க பையில கருவாடு ஏதாச்சும் இருக்குதுங்களா?

இல்லீங்களா. சரி சரி. கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க. ஏறி உக்கார்ந்ததுல இருந்து ஒரு வாடை வந்துட்டே இருக்குது. முன் சீட்டுக்காரர் காலுக்கடியில ஒரு மஞ்சப் பை வெச்சிருக்கார் பாருங்க, அதுவா இருக்கும். கேட்டா இல்லைன்னுதான் சொல்வார். பஸ்ஸுல கருவாடு கொண்டு போறவங்க யாரு ஆமாம்னு ஒத்துக்கிட்டிருக்காங்க.

சித்தெ தள்ளி உக்காருங்க. இந்தப் பையை நான் மடியிலதான் வெச்சுக்கணும். மேல வையுங்கன்னு கண்டக்டர் அப்பவே சொன்னார், மாட்டேனுட்டேன். தினமும் இந்த வழியாப் போறவர். வழியிலதான் எந்தம்பி கடை. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு டீ குடிச்சதை நான் ஒரு தடவை பார்த்திருக்கேன். யாரு யாருக்கு வேண்டியவங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்.

பையில என்னவா? தீவனமுங்க. மாட்டுத் தீவனம். நாமக்கல்லுல இதைச் சோதிச்சுச் சொல்ற ஆய்வுக்கூடம் இருக்குதாம். அங்கதான் போறேன். இதுக்குள்ள என்ன கலந்திருக்குதுன்னு எழுதிக் குடுத்துருவாங்களாம். அந்த எழுத்து கைக்கு வந்திருச்சுன்னா எந்தம்பி கடையைப் பூட்டிருவாங்க.

ஆமாமுங்க, கூடப் பிறந்த தம்பிதான். மாரப்பன்னு பேரு. நான் வேலாத்தா. எங்கப்பனுக்கு நாங்க ரெண்டே பேரு.

இப்படிப் பார்க்காதீங்க. நான் யாரையும் சும்மா சந்தேகப்படறவ இல்லீங்க. எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பால் ஊத்தற இடத்துல மெசின் குறைச்சுக் காட்டுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான்தான். அப்புறம் மெசின் சரியாத்தான் இருக்குதுன்னு சொன்னாங்க. சொல்லட்டும். மெசினை வெச்சவங்களே மெசினைச் சோதிச்சா வேற எப்படிச் சொல்வாங்க. ரேசன் கடைக்காரன், கேபிள்காரன், எங்க வீட்டுக்கு ஓடு மாத்த வந்தவன், இவங்களையெல்லாம் நான் சந்தேகப்பட்டேன்னு சொல்வாங்க. சந்தேகமில்லீங்க அது. பார்க்கறேன், அவ்வளவுதான். மத்தவங்க பார்க்கறதில்லை.

எனக்குத் தொழில் சாக்கு. கோழிப்பண்ணைகள்ல காலியாகற சாக்கை மொத்தமா எடுத்துட்டு வருவேன். உதறி, பிரிச்சு, ஓட்டை இருந்தாத் தைச்சு, அடுக்கி வெச்சா வெங்காய மண்டிக்காரங்க வருவாங்க, கடலைக்காரங்க வருவாங்க, கரி சுடறவங்க வருவாங்க. வீட்டுக்காரர் போன பின்னால எனக்குச் சோறு போட்டது சாக்குதான். கட்டுத்தரையில ரெண்டு மாடு நிக்குது. ஒண்ணு செவலை, ஒண்ணு அதோட மக, கண்ணுக்குட்டி. பிள்ளைங்களா பெத்தேன், இல்லையே. அதுக ரெண்டும்தான்.

செவலை என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிக்கும் அம்மிணி. வேற யார் போனாலும் படுத்தே கிடக்கும்.

இப்ப நடந்ததைச் சொல்றேன் கேளுங்க. எங்க ஊர்ப் பாலைக் கோயமுத்தூர்க் கம்பெனி ஒண்ணு எடுக்குது. நல்ல கம்பெனின்னு சொல்லிக்கறாங்க, எனக்கு இன்னும் தெரியலை. அதுல தினகரன்னு ஒரு பையன், சூப்பர்வைசர். மீசைகூடச் சரியா வளரலை. ஒரு நாள் காலையில நேரா கட்டுத்தரைக்கே வந்துட்டான்.

"பெரியம்மா, மாட்டுக்கு என்ன வெக்கறீங்க?"

"ஏங் கண்ணு, பசிக்குதா உனக்கு?"ன்னேன்.

சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு, தாழியில மிச்சம் இருந்த தீவனத்தை ஒரு கை அள்ளி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டான். மூட்டைக்குள்ள கையை விட்டு இன்னொரு கவர்லயும் போட்டான். எனக்கு அங்கயே பிடிக்கலை. எம் மாட்டுத் தாழியில கையை விடறதுக்கு இவன் யாரு?

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. எல்லாப் பட்டியிலயும் எடுக்கறோம். பால் மாட்டுக்கு வெக்கற தீவனத்துல இறைச்சித் தூள், எலும்புத் தூள், ரத்தத் தூள் எதுவும் இருக்கக் கூடாதுன்னு விதி. எங்க கம்பெனி மீன் தூளும் ஆகாதுன்னு சொல்லிருச்சு."

"மாட்டுக்கு எவன் கண்ணு கறி போடுவான்? இந்த வீட்டுல எனக்கே பண்டிகை நோம்பிக்குத்தான்."

"கறியாப் போட மாட்டாங்க. தூளாக் கலப்பாங்க. அதுல சத்து அதிகம், பால் ஏறும்னு. வெளிநாட்டுல அப்படித்தான் மாட்டெலும்பை அரைச்சு மாட்டுக்கே போட்டாங்க. அப்புறம் மாட்டுக்கு மூளையெல்லாம் பஞ்சாட்டம் ஓட்டை விழுந்து, நிக்க முடியாமத் தள்ளாடித் தள்ளாடி விழுந்து செத்துப் போச்சு. அந்த மாட்டைத் தின்ன மனுசங்களுக்கும் வந்திருச்சு. அதுக்குப் பின்னாலதான் ஊர் ஊருக்குச் சட்டம் போட்டாங்க."

செவலையைத் திரும்பிப் பார்த்தேன். அது பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்குது.

"அப்ப கோழிக்கு?"ன்னேன்.

"கோழிக்குப் போடலாம் பெரியம்மா. மீனு, பன்னி இதுகளுக்கும் போடலாம். கோழி புழுப்பூச்சியெல்லாம் திங்கற ஜீவன்தானே. மாட்டுக்குத்தான் ஆகாது."

நல்லா இருக்குது பாருங்க கதை. கோழிக்கு ஆகுமாம், மாட்டுக்கு ஆகாதாம். ரெண்டும் ஒரே வாசல்லதானே மேயுது. இந்தச் சட்டத்தை எழுதினவன் கோழிப்பண்ணைக்காரனா இருப்பான்னு எனக்கு அப்பவே தோணிச்சு. ஆனா அதை விடுங்க, மாட்டுக்கு ஆகாதுன்னா ஆகாதுதான். மூளை பஞ்சாப் போறதைப் பத்தி விளையாட முடியுமா.

பத்துப் பன்னெண்டு நாள் போயிருக்கும். பால் கேனைத் தூக்கிட்டுப் போறேன். தினகரன் போனைப் பார்த்துக்கிட்டே, "பெரியம்மா, உங்க பால் இன்னிக்கு வேண்டாமுங்க"ங்கறான். எம் பால் மட்டுமில்லை. எங்க பக்கத்து வீட்டுப் பாலு, மேட்டு வளவுல நாலு வீட்டுப் பாலு. எங்க தீவனத்துல எலும்புத் தூளும் மீன் தூளும் இருக்குதாம். கொஞ்சூண்டுதானாம், ஆனா இருக்குதாம். தவிடும் புண்ணாக்கும் வெச்சவங்க பாலை எடுத்துக்கிட்டாங்க. பால் நின்னு போன நாங்க எல்லாரும் யாருகிட்டத் தீவனம் வாங்கறோம்னு பார்த்தா, எல்லாரும் மாரப்பன் கடை.

கேனோட திரும்பி வந்தேன் அம்மிணி. பாலை என்ன பண்றது? கறந்த பாலைக் கீழ ஊத்தக் கை வரலை. கண்ணுக்குட்டிக்கே விட்டுட்டேன். அன்னைக்கு முழுக்க செவலையைத்தான் பார்த்துட்டிருந்தேன். கால் தள்ளாடுதா, தலை சாயுதான்னு. சாயந்தரம் ஈ ஓட்டறதுக்குத் தலையைச் சிலுப்புச்சு. ஓடிப் போய்க் கொம்பைப் பிடிச்சு நிறுத்தினேன்.

எந்தம்பி கடை வெச்சு நாலஞ்சு வருசம் ஆச்சு. முன்னால கம்பெனித் தீவனம் வாங்கி வித்துட்டிருந்தான். அப்புறம் அவனே கலக்க ஆரம்பிச்சான். மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு, துவரம் பொட்டு, உப்பு. நல்லாத்தான் இருந்துச்சு. பால் ஏறிச்சு. எனக்கு அப்பவே வந்திருக்கணும் சந்தேகம். சோளத்தையும் தவிட்டையும் தின்னா மாடு இவ்வளவு பால் குடுக்குமா? கலக்கற கொட்டாயைப் பூட்டி வெப்பான். ஏண்டா பூட்டறேன்னா, எலி வருதுக்காங்கறான். எலி கதவைத் திறந்துட்டா வருது?

மூட்டையைப் பிரிச்சா ஒரு வாடை வேற. லேசாத்தான். நான் மூக்கை உள்ள விட்டுப் பார்த்திருக்கேன். கருவாட்டு வாடை. அதைச் சொன்னதுக்கு, "உனக்கு எல்லாத்துலயும் கருவாட்டு வாடைதான் அக்கா வரும்"னு கிண்டல் பண்ணினான். எங்கூட்டுக்கு வந்தாலே, "என்னக்கா, கருவாட்டுக் குழம்பா?"ம்பான். நான் வெச்சிருக்கவே மாட்டேன். கேலிக்கு அவனை அடிச்சுக்க முடியாது.

ஊர்ல சில பேரு அவனுக்குப் பரிஞ்சு பேசினாங்க. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் கறியையே விட்டவன், அவன் போய் எலும்புத் தூள் வாங்குவானான்னாங்க. நான் சொன்னேன், கறியை விட்டவனுக்குத்தான் எந்நேரமும் கறி நினைப்பு இருக்கும்னு.

பால் நின்ன மறுநாளு மத்தியானம், நான் வாசல்ல உக்கார்ந்து சாக்குத் தைச்சுட்டிருக்கேன். மாரப்பன் வந்தான். சட்டையெல்லாம் தவிடு. மூஞ்சி செத்துப் போய்க் கிடந்துச்சு. எப்பவும் வந்ததும் குடத்துல தண்ணி மொண்டு குடிப்பான், அன்னைக்கு அதுகூடக் குடிக்கலை. நான் அடுக்கி வெச்சிருந்த சாக்கு அட்டிக்கு முன்னால நின்னான்.

"அக்கா, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நான் எதுவும் கலக்கலை. சோளம் வாங்கற இடம், புண்ணாக்கு வாங்கற இடம் எல்லாம் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். எல்லாம் சாக்குதான்க்கா."

பார்த்தீங்களா? அவன் வாயாலயே வந்திருச்சு.

"சாக்குன்னு நீயே சொல்றியா?"ன்னேன்.

"ஆமாக்கா. சாக்குதான். வேற ஒண்ணுமில்லை."

"சாக்குச் சொல்றதுக்கா வெயில்ல வந்தே? எங்கிட்டயே வந்து சாக்குச் சொல்லி, அதைச் சாக்குன்னும் சொல்றியே, உனக்கு வெக்கமா இல்லை? அங்க பாரு, மாடு நிக்குது. அதுக்கு மூளை பஞ்சாப் போனா நீயா வந்து பார்ப்பே?"

"ஐயோ, அந்தச் சாக்கில்லைக்கா..."

"எந்தச் சாக்கும் எனக்கு வேண்டாம்"னேன்.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் அந்த அட்டியைப் பார்த்தான். எங்கையில இருந்த ஊசியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு மாதிரிப் பார்வை அம்மிணி, எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. "சரிக்கா"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டான். குத்தம் பண்ணினவனுக்குத்தான் பேச்சு அப்படிப் பாதியில நிக்கும். நிரபராதியா இருந்தா நின்னு சண்டை போட்டிருக்க மாட்டானா?

டிக்கெட்டா? எடுத்துட்டேனுங்க. இப்பத்தானே குடுத்தேன், மறுபடியும் கேக்கறார் பாருங்க. ஆளைப் பார்த்துட்டுப் போறதுக்கு வந்திருக்கார். பையைத்தான் பார்த்தார், நீங்க கவனிச்சீங்களா?

எதுல விட்டேன்? ஆங். அந்த வாரமே பால் ஊத்தற இடத்துல எல்லாரையும் கூப்பிட்டாங்க. தினகரன் இருந்தான், அவனுக்கு மேல ஒருத்தர் வந்திருந்தார். மாரப்பனை நடுவுல நிறுத்திக் கேட்டாங்க, தீவனத்துல இது எப்படி வந்துச்சுன்னு. அவன் சுத்தி ஒரு பார்வை பார்த்தான். நான் தூணோரம் நின்னேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"என் கையில வந்த தப்புன்னே வெச்சுக்குங்க. இனிமே வராது"ன்னான்.

"என்னடா போட்டே? அதைச் சொல்லு"ன்னு நான்தான் கத்தினேன். "எம் மாடு என்ன தின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"ஒண்ணும் போடலைக்கா."

"போடாமத்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டியா?"

செய்யாத தப்பை எவனாச்சும் ஊர் நடுவுல நின்னு செஞ்சேன்னு சொல்வானா அம்மிணி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. சொல்ல மாட்டான்.

அதுக்கப்புறம் என்ன பண்ணினான் தெரியுமா, எஞ்சாக்கை வேண்டாம்னுட்டான். அது எனக்கு எல்லாத்தையும் விட வலிச்சுது. அவன் கடை வெச்ச நாள்ல இருந்து அவனுக்குச் சாக்கு நான்தான் குடுக்கறேன். தம்பிக்குங்கறதால கிழிசல் எதுவும் குடுக்க மாட்டேன். பண்ணையில குஞ்சுத் தீவனம் வரும் பாருங்க, அந்தச் சாக்கு நல்லாக் கனமா, மொடமொடன்னு, சேவல் படம் போட்டு வரும். வெங்காயக்காரங்க அதைத்தான் குடுன்னு தொங்குவாங்க. குடுக்க மாட்டேன். அதைத் தனியா எடுத்து, எந்தம்பிக்குன்னு மூலையில அடுக்கி வெப்பேன். அவன் தீவனத்துக்கு ஊர்ல பேரே சேவல் தீவனந்தான். "மாரப்பா, சேவல் ரெண்டு மூட்டை போடு"ம்பாங்க. மாட்டுத் தீவனத்துக்குச் சேவல்னு பேரு வந்தது எங்கையாலதான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை.

அந்தச் சாக்கை வேண்டாம்னுட்டான். மிச்சம் இருந்ததையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து எங்க வாசல் திண்ணையில வெச்சுட்டு, புதுச் சாக்கு வாங்கிட்டான். படமே இல்லாத வெள்ளைச் சாக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. ஒறவு வேண்டாம்னு சொல்றதுக்கு இதைவிட என்ன இருக்குது?

அடுத்த தடவை தினகரன் வந்து தீவனத்தை எடுத்துட்டுப் போனான். ஒண்ணுமே இல்லையாம். சுத்தமாம். எல்லார் பாலையும் எடுத்துக்கிட்டாங்க, எம் பாலையும். ஊரே மறந்திருச்சு. நான் மறக்கலை. ஏன் திடீர்னு சுத்தமாச்சு? யோசிச்சுப் பாருங்க. மாட்டிக்கிட்டான், கலக்கறதை நிறுத்திட்டான். வேற என்ன மாறிச்சு அந்தக் கடையில? அதே சோளம், அதே புண்ணாக்கு, அதே ஆளு.

தினகரனுக்கு மேல ஒருத்தர் வந்திருந்தார்னேனே, அவர்கிட்டத் தனியாப் போய்க் கேட்டேன். "பழைய தீவனம் உங்ககிட்ட மிச்சம் இருந்தா நாமக்கல்லுல குடுத்துச் சோதிச்சு வாங்குங்கம்மா. எழுத்துல வந்திருச்சுன்னா கடை உரிமம் போயிரும்"னார். என்ன கலந்திருக்குதுன்னு பேரு பேராச் சொல்லிருவாங்களான்னு கேட்டேன். சொல்லிருவாங்கன்னார். எனக்கு அது போதும்.

பழைய மூட்டை ஒண்ணு வீட்டுல இருந்துச்சு. சேவல் மூட்டை. அடியில கொஞ்சம் கிடந்துச்சு. அதைத் தொடாம வெச்சிருந்தேன்.

இது எப்படியோ பூவாயி காதுக்குப் போயிருச்சு. பூவாயி யாருன்னா எந்தம்பி பொண்டாட்டி. முந்தாநேத்து காலையில மோர்ச் சட்டியோட வந்தா. அவ மோர் கொண்டு வந்தாளே, அதுலயே எனக்குச் சந்தேகம். எதுக்கு இப்ப மோரு?

"நங்கை, அதைக் கொண்டு போகாதீங்க"ன்னா. என்னை நங்கைன்னுதான் கூப்பிடுவா, புருசனோட அக்கா இல்லீங்களா.

"ஏன் போகக் கூடாது? மடியில ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?"

"கடையை மூடிட்டா நாங்க எங்க போறது? புள்ளைக்குப் பீசு இருக்குது, கடன்காரன் இருக்கான். அவரும் சோறு சரியாத் திங்கறதில்லை. அக்கா அப்படி நினைச்சிருச்சேங்கறார், அதையேதான் சொல்றார்."

"அப்ப என்ன போட்டான்னு சொல்லச் சொல்லு. நான் போகலை."

"அவரு சொல்ல மாட்டார் நங்கை. என்னையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"பார்த்தியா, அப்ப இருக்குது ஒண்ணு!"

"அவரு யாரைக் காப்பாத்தறார்னு உங்களுக்கு நிசமாவே தெரியலையா?"ன்னா.

"தெரியாம என்ன? உன்னைத்தான்"னேன். "அந்தக் கொட்டாய்ச் சாவி உங்கிட்டயும்தானே இருக்குது."

சிரிச்சாளுங்க. சிரிச்சுட்டே கண்ணைத் தொடைச்சா. மோர்ச் சட்டியை வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிட்டா. நான் அந்த மோரைக் குடிக்கலை. நாய்க்கு ஊத்தினேன். நாய் நல்லாத்தான் இருக்குது. ஆனா பார்த்துக்கறது நல்லதுதானே.

இந்தாங்க, ஆரஞ்சு மிட்டாய். சும்மா எடுத்துக்குங்க. கடையில வாங்கினதுதான்.

என்ன கேட்டீங்க? அந்தப் பையன் பண்ணின மாதிரிக் கவர்ல போட்டுக் கொண்டாரலையான்னா? தினகரன் ஒரு கவர் குடுத்தான், உண்மைதான். ஜிப்பு வெச்சது. இதுல போட்டு மூடிக் கொண்டு போங்க பெரியம்மா, வேற எதுலயும் போடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னான். அந்த ரெண்டாவது தடவைதான் எனக்கு இடிச்சுது. ஒரு தடவை சொன்னாப் போதாதா? அவனுக்கும் மாரப்பனுக்கும் இப்ப நல்ல பழக்கம். கவர்ல முன்னாலயே ஏதாச்சும் தடவி வெச்சிருந்தா? எதுவும் இல்லைன்னு வர்ற மாதிரி ஏதாச்சும் மருந்து? அதனால கவரை அடுப்புல போட்டுட்டேன். எங்கையால தைச்ச பை இது. எங்கையை நான் நம்பலாமில்ல?

துணி இல்லீங்க, சாக்குதான். குஞ்சுத் தீவனச் சாக்குல தைச்சது. உள்பக்கமா மடிச்சிருக்கேன், அதான் சேவல் தெரியலை. நல்லாக் கனமா இருக்கும், ஒரு பொட்டுத் தீவனம் சிந்தாது.

கழுவறதா? யாரு சாக்கைக் கழுவுவாங்க அம்மிணி. கழுவினா நூல் விட்டுரும், மொடமொடப்புப் போயிரும், யாரும் வாங்க மாட்டாங்க. கவுத்து உதறுவேன். மூலையில ஒட்டிட்டிருந்தா ரெண்டு தட்டுத் தட்டுவேன். தூசி பறக்கும், எனக்கு அதுலயே இருமல். அவ்வளவுதான்.

தம்பிக்குக் குடுக்கறதும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் உதறுவேன். தம்பிக்கு வேணும்னா ரெண்டு உதறு சேர்த்து.

குஞ்சுத் தீவனத்துல என்ன இருக்கும்னா? எனக்கெப்படிங்க தெரியும். குஞ்சுக்குச் சத்தா எதையாச்சும் போடுவாங்க. பண்ணைக்காரங்க சொல்லிக்குவாங்க, குஞ்சுக்குத்தான் மீன் தூளும் எலும்...

...

ஏன் அம்மிணி அப்படிப் பார்க்கறீங்க?

அப்படிப் பார்க்காதீங்க. அவனும் இப்படித்தான் பார்த்தான். அட்டியைப் பார்த்துட்டு, ஊசியைப் பார்த்துட்டு.

நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? மாரப்பனுக்கு ஏதாச்சும் ஒறவுங்களா? இல்லை, கேக்கறேன். பூவாயி ஊருப் பக்கம் ஒரு டீச்சரம்மா இருக்கறதாச் சொல்லியிருக்கா. சரி, இல்லைன்னா இல்லை. ஆனா உங்களுக்கு எதுக்கு எஞ்சாக்கைப் பத்தி இத்தனை கேள்வி? நான் தீவனத்தைப் பத்திச் சொல்றேன், நீங்க சாக்கு சாக்குங்கறீங்க. அவனும் அப்படித்தான், சாக்குதான்க்கா, சாக்குதான்க்கான்னு...

உதறிட்டாப் போயிருமில்லீங்களா? தூசிதானே? தூசியில என்ன இருந்திரப் போகுது. கொஞ்சூண்டு.

கொஞ்சூண்டுதான் இருந்துச்சுன்னுதான் தினகரனும் சொன்னான்.

சித்தெ இருங்க. எனக்குத் தலை சுத்துது. சன்னலைத் திறங்க. இந்த வாடை வேற. முன் சீட்டுக்காரர் எப்ப எறங்கினார்? நான் பார்க்கலையே. மஞ்சப் பையையும் எடுத்துட்டுப் போயிட்டாரா?

அப்ப வாடை?

வேண்டாம், நீங்க உங்க பையைத் திறந்து காட்ட வேண்டாம். சோத்து டப்பாதானே, தெரியுது. நான் நம்பறேன்.

இல்லை, தண்ணியெல்லாம் வேண்டாம்.

நாமக்கல் வந்திருச்சுங்களா? இதுதானா ஆய்வுக்கூடத்துக்கு எறங்கற இடம்? கண்டக்டர், சத்தம் போடாதீங்க, கேக்குது. அம்மிணி, நீங்க எறங்குங்க, உங்களுக்கு வேலைக்கு நேரமாகும். நான் எறங்கலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு இதே வண்டியில திரும்பிக்கறேன். இது அப்படியே எந்தம்பி கடை வழியாத்தானே போகும்? மத்தியானச் சோத்துக்கு அவன் வீட்டுலதான் இருப்பான். பூவாயி சட்டியும் எங்கிட்டக் கிடக்குது, அதைக் கொண்டாந்திருக்கணும். சரி, அது இன்னொரு நாளைக்கு.

இல்லைங்க, வேற ஒண்ணுமில்லை. இன்னைக்கு அஷ்டமின்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அஷ்டமியில இதையெல்லாம் குடுத்தா எழுத்து நல்லா வராது. அதோட பாருங்க, இந்தப் பையில ஓரத்துல தையல் விட்டிருக்குது. பிரிஞ்ச பையோட போனா ஆபீசுல வாங்க மாட்டாங்க. எனக்கு முழங்கால் வேற காலையில இருந்தே வலி. இன்னொரு நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வந்து பார்த்துக்கலாம்.

போயிட்டு வாங்க. பார்த்து எறங்குங்க.

அம்மிணி, நான் சாக்குச் சொல்றேன்னு மட்டும் நினைச்சிராதீங்க.